பத்து நொடி, ஐந்து அடி: கைக்குழந்தையின் அசைவையும் அறிவையும் வீட்டிலேயே அளப்பது எப்படி

மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய், 4 முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சியைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழுக்களுக்கான குறிப்பு இது. இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆறு இயக்க மைல்கற்கள், அதாவது உட்கார்தல், நிற்றல், தவழ்தல், நடத்தல் போன்ற திறன்கள். மற்றொன்று, குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்து நடந்துவரும் ஒளித்துவைக்கும் சோதனை. ஆய்வுலகில் ஏ-நாட்-பி என்பார்கள். இரண்டுக்கும் விலை உயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. குழந்தை வளர்ச்சியை முழுமையாக அளக்கும் பேய்லி அளவை, பரோடாவில் உருவான டாசி (67 இயக்க உருப்படிகள், 163 மன உருப்படிகள், பிறப்பு முதல் 30 மாதம் வரை) போன்றவற்றுக்கு முறையான பயிற்சியும் அசல் கிட்டும் வேண்டும். ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு அவற்றை நடத்தக் கூடாது. 17 உருப்படிகள் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டை, சந்தேகத்துக்குரிய குழந்தையைச் சலித்தெடுப்பதற்கானது. அதைக் கூட்டி மதிப்பெண்ணாக்கி, இரண்டு ஊர்க் குழந்தைகளை ஒப்பிடுவது அதன் வேலை அல்ல.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு வைக்கும் அறிவுச் சோதனை எதுவானாலும் அதில் பாதி கைச் சோதனைதான். பொம்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கை எட்டாததால் எடுக்காத குழந்தையும், தெரியாததால் எடுக்காத குழந்தையும் தாளில் ஒரே மாதிரி 'இல்லை' என்றுதான் விழுவார்கள். கீழே சொல்லியிருக்கும் விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பேரையும் பிரித்தெடுக்கத்தான்.

வயதுக் கணக்கு

கள ஆய்வில் அதிகம் நடக்கும் தவறு வயதில்தான். "எத்தனை மாசம் ஆகுது?" என்று கேட்காதீர்கள். "எட்டாம் மாசம் நடக்குது" என்று அம்மா சொன்னால் முடிந்தது ஏழு மாதம். "எட்டு மாசம்" என்று பாட்டி சொன்னால் அது முடிந்ததா நடப்பதா என்று கேட்டுத்தான் தெரியும். தமிழ் மாதத்தை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழையோ தாய் சேய் நல அட்டையையோ கையில் வாங்கிப் பார்த்துத் தேதியை எழுதுங்கள். வயதைக் களத்தில் கணக்குப் போட வேண்டாம். பிறந்த தேதி, பார்த்த தேதி இரண்டையும் எழுதினால் போதும். கழித்தலைக் கணினி செய்யட்டும்.

குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது வேண்டும். 40 வாரத்திலிருந்து பிறந்த வாரத்தைக் கழித்து, வரும் மிச்சத்தை வயதிலிருந்து கழிக்க வேண்டும். 2024 ஜனவரி 20 அன்று 34 வாரத்தில் பிறந்த குழந்தையை அக்டோபர் 12 அன்று பார்த்தால், நாட்காட்டி வயது 8 மாதம் 22 நாள். ஆறு வாரம், அதாவது 42 நாள் முன்னதாகப் பிறந்திருக்கிறது. திருத்திய வயது 7 மாதம் 10 நாள். இந்த வயதில் ஒன்றரை மாதம் என்பது உட்காரும் குழந்தைக்கும் உட்காராத குழந்தைக்கும் உள்ள தூரம். இரண்டு வயது வரை இந்தத் திருத்தத்தைச் செய்வது வழக்கம். பிறந்த வாரத்தைக் கர்ப்பகாலத்தின் முதல் ஸ்கேன் அறிக்கையிலிருந்து எடுங்கள். "கொஞ்சம் முன்னாடியே பொறந்துடுச்சு" என்பது தகவலாகாது.

பையில் இருக்க வேண்டியவை

ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பாய், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வகை, விரித்தால் 2 மீட்டருக்கு 1.2 மீட்டர் வர வேண்டும். அந்த வீட்டு மெத்தை மேல் சோதிக்கவே கூடாது. கால் அமுங்கும், நிற்கிற குழந்தையும் விழும். வெறும் டைல்ஸ் தரையில் முட்டி வழுக்கும். கோரைப்பாய் தவழும்போது சுருண்டு கூடவே நகரும். ஒரே பாயை எல்லா வீட்டிலும் விரித்தால் தரை வித்தியாசம் கணக்கிலிருந்து போய்விடும்.

பிடித்து நிற்க ஒரு மரப்பெஞ்சு: 35 முதல் 40 செ.மீ. உயரம், நீளம் குறைந்தது ஒரு மீட்டர், குழந்தை இழுத்தால் சாயாத கனம். வண்டியில் கொண்டுபோக முடியவில்லை என்றால் அந்த வீட்டுக் கட்டிலைப் பயன்படுத்திக்கொண்டு, அப்படிச் செய்ததைப் படிவத்தில் குறியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். பத்து மாதக் குழந்தை தன் எடையைப் போட்டால் அது கவிழும்.

பொம்மைகள் நான்கைந்து போதும். எதுவும் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. அது தொண்டையில் சிக்கும் அளவு. ஒவ்வொரு வீட்டுக்கும் பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். குழந்தை எல்லாவற்றையும் வாயில்தான் வைக்கும். கிலுகிலுப்பையை மைல்கல் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துவைக்கும் சோதனைக்குச் சத்தம் போடாத பொம்மைதான் வேண்டும்.

ஒளித்துவைக்கும் பலகை வீட்டிலேயே செய்துவிடலாம். 60 செ.மீ.க்கு 25 செ.மீ. ஒட்டுப்பலகை, அதன் மேல் 12 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. ஆழமும் உள்ள இரண்டு அட்டைப்பெட்டிகள், மேல்பக்கம் திறந்தபடி. ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 25 செ.மீ. பெட்டியையும் பலகையையும் ஒரே நிறத்தில் தீட்டுங்கள். மூடுவதற்கு ஒரே துணியில் வெட்டிய 20 செ.மீ. சதுரங்கள் இரண்டு. பெட்டி எதற்கு, பொம்மை மேல் துணியைப் போட்டால் போதாதா என்று தோன்றும். துணி பொம்மையின் மேல் புடைத்துக்கொண்டு நிற்கும். குழந்தை நினைவை நம்பாமல் புடைப்பைப் பார்த்தே எடுத்துவிடும். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பதும் சரிவராது. பளபளப்பே குழந்தையை இழுக்கும், வைக்கும்போது 'ணங்' என்று இடத்தைக் காட்டிக்கொடுக்கும், எட்டு மாதக் கைக்கு அதைத் தூக்குவதும் பாடு. துணியை இழுக்க எந்தக் கைக்கும் வரும்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

தூங்கி எழுந்து அரை மணி நேரம் கழித்து, பால் குடித்து கால் மணி நேரமாவது ஆன பிறகு, தடுப்பூசி போட்ட நாளாக இல்லாமல்: இப்படிப்பட்ட நேரத்தை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்திட்டத்துக்குக் குழந்தையை எழுப்பினால் அன்றைய தாள் வீண்.

முதல் பத்து நிமிடம் குழந்தையைத் தொடாதீர்கள், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். எட்டாம் மாதத்துக்கு மேல் புது முகம் என்றாலே அழுகைதான். அம்மாவிடம் பேசிக்கொண்டே பாயை விரித்து, ஒரு பொம்மையை ஓரமாக உருட்டிவிடுங்கள். குழந்தை தானே வரும். குழந்தையைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டால் பல வீடுகளில் பாட்டியின் முகம் மாறிவிடும். அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தால் கண் வைத்தது நீங்கள்தான். அடுத்த மாதம் கதவு திறப்பது கஷ்டம்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருந்தாலும், வீடியோவுக்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். கையெழுத்து அம்மாவோ அப்பாவோ போடலாம். ஆனால் முடிவெடுப்பது மாமியாராக இருந்தால் அவருக்கும் சேர்த்தே விளக்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் குடும்பம் ஆய்விலிருந்து விலகிவிடும். வீடியோ எடுக்கும் போனில் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதியை அணைத்திருக்க வேண்டும். கோப்பின் பெயரில் குழந்தையின் பெயர் வரக் கூடாது, எண் மட்டும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லுங்கள்: "அம்மா, பாப்பா பாஸா ஃபெயிலான்னு பாக்க வரல. இன்னைக்கு என்ன செய்யறான்னு எழுதிக்கத்தான் வந்தோம். நாங்க சொல்ற வரைக்கும் கை குடுக்காதீங்க. விழுந்தா பிடிக்க நான் பக்கத்துலயே இருக்கேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் முதல் மூன்றும் பலிக்காது. எந்த அம்மாவும் விழப்போகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

ஆறு மைல்கற்கள்

கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளை மாதாமாதம் பார்த்து எழுதிய வரையறைகள் இவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது 100-இல் 98 குழந்தைகள் அந்தத் திறனை எட்டிய வயது வரம்பு.

துணையின்றி உட்கார்தல் (3.8 முதல் 9.2 மாதம்): தலை நிமிர்ந்து, முதுகு நேராக, 10 நொடி. கை தரையிலோ தொடையிலோ ஊன்றியிருக்கக் கூடாது. முக்காலி மாதிரி இரண்டு கையையும் முன்னால் ஊன்றி உட்கார்ந்திருக்கும் குழந்தையை வீட்டில் 'நல்லா உக்காருது' என்பார்கள். உங்களுக்கு அது இன்னும் உட்காரவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு பொம்மையைக் கொடுத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்; ஊன்றும் கை தானாக விடுபடும்.

பிடித்துக்கொண்டு நிற்றல் (4.8 முதல் 11.4): இரண்டு கையாலும் அசையாத பொருளைப் பிடித்து, அதன் மேல் சாயாமல் 10 நொடி. வயிறோ மார்போ பெஞ்சில் பட்டால் இல்லை. இதைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்க்க முடியும். பின்னாலிருந்து பார்க்கிறவர் பெஞ்சில் படுத்திருக்கும் குழந்தைக்கும் 'ஆம்' போடுவார்.

கையும் முட்டியும் ஊன்றித் தவழ்தல் (5.2 முதல் 13.5): வயிறு தரையில் படாமல், கை கால் மாறி மாறி, தொடர்ச்சியாக மூன்று அசைவாவது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் சரி. சொல் குழப்பம் அதிகம் இங்கேதான். வயிற்றால் இழுத்துக்கொண்டு போவதைச் சிலர் நீந்துகிறது என்பார்கள், சிலர் அதையும் தவழ்கிறது என்பார்கள். ஆகவே "தவழுதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வரும் பதில் எந்தப் பயனும் தராது. பார்க்க வேண்டும், பார்க்க முடியாவிட்டால் "வயிறு தரையில உரசுதா, தூக்கிட்டுப் போகுதா?" என்று கேளுங்கள். அந்த 816 பேரில் 4.3 சதவீதம் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை; பிட்டத்தால் நகர்ந்தோ, நேராக எழுந்து நின்றோ நடைக்குப் போய்விட்டார்கள். ஆகவே தவழாததை மட்டும் வைத்துக் குறை என்று எழுதக் கூடாது.

பிடித்துக்கொண்டு நடத்தல் (5.9 முதல் 13.7): அசையாத பொருளை ஒரு கையாலோ இரண்டு கையாலோ பிடித்து, முன்னாலோ பக்கவாட்டிலோ ஐந்து அடி (எடுத்து வைக்கும் காலடி, நீள அளவு அல்ல). அசையாத என்ற சொல்லில் விரல் வைத்துக்கொள்ளுங்கள். நடைவண்டி அசையும் பொருள். குழந்தை அதைத் தள்ளிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாலும் இங்கே 'ஆம்' இல்லை. பெஞ்சின் மறுமுனையில் பொம்மையை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

தனியாக நிற்றல் (6.9 முதல் 16.9): இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்து, எதையும் யாரையும் தொடாமல் 10 நொடி. கட்டைவிரலில் எம்பி நின்றால் கணக்கில்லை. அம்மாவின் சேலை நுனியைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது தாங்குவதில்லைதான், ஆனாலும் தொடுகைதான்.

தனியாக நடத்தல் (8.2 முதல் 17.6): தொடுகை இல்லாமல், முதுகு நிமிர்ந்து ஐந்து அடி. ஆறாவது அடியில் விழுந்தால் 'ஆம்' தான். நியூயார்க்கில் ஆய்வாளர் காரன் அடால்ஃபின் குழு 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தங்கள் இஷ்டத்துக்கு விளையாடும்போது எண்ணிப் பார்த்தது: மணிக்குச் சராசரியாக 2,368 காலடி, 17 தடவை விழுதல். விழுவது நடையின் ஒரு பகுதி. அம்மாவின் கைகளுக்குள் பாய்ந்து விழும் கடைசி அடியை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது நடை அல்ல, சாய்வு.

பிள்ளைத்தமிழில் செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம் என்று வைத்திருக்கிறார்கள். 'வருக' என்று நடந்து வரச் சொல்லும் அந்தப் பதின்மூன்றாம் மாதம், 8.2 முதல் 17.6 வரையுள்ள வரம்பின் நடுவில் கச்சிதமாக விழுகிறது. பாட்டுக் கட்டியவர்கள் குழந்தையைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

செருப்பு, சாக்ஸ் கழற்றிவிட்டுப் பாருங்கள். கொலுசு இருக்கலாம். டயப்பரா, துணிக் கோவணமா, வெறும் உடம்பா என்பதை ஒரு கட்டத்தில் குறியுங்கள். டயப்பர் கட்டிய குழந்தை காலை அகட்டி நடக்கும், அதிகம் விழும் என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். போன மாதம் டயப்பரோடும் இந்த மாதம் இல்லாமலும் பார்த்தால், முன்னேற்றத்தில் ஒரு பங்கு டயப்பருடையது.

நான்கு பதில்கள், இரண்டு அல்ல

படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் வைக்கும் குழுக்கள் பிறகு வருந்துகின்றன. நான்கு வேண்டும். செய்தது. முயன்றது, முடியவில்லை. விழிப்பாக, அமைதியாக இருந்தும் செய்ய மறுத்தது. அழுகை, தூக்கம், நோய் காரணமாகப் பார்க்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவன ஆய்விலும் இப்படித்தான் பிரித்தார்கள். இரண்டாவது பதில் மட்டுமே திறன் இல்லை என்பதற்குச் சான்று. மூன்றாவதும் நான்காவதும் அன்றைய நாளைப் பற்றியவை. இவற்றை ஒரே 'இல்லை'யில் கொட்டினால் வெட்கப்படும் குழந்தைகள் எல்லாம் வளர்ச்சி தாமதப்பட்டவர்களாகிவிடுவார்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் தெருவின் குழந்தைகளும் அப்படியே.

ஒவ்வொரு மைல்கல்லுக்கும் மூன்று முயற்சி. தொடர்ந்து அழுதால் நிறுத்திவிட்டு அம்மாவிடம் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் நான்காவது பதிலைப் போட்டு, ஒரு வாரத்துக்குள் இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். "வீட்டுல நேத்துதான் நடந்தான்" என்று அம்மா சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் தனிப் பத்தியில். கேட்டதும் பார்த்ததும் ஒரே பத்தியில் கலந்தால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

ஒளித்துவைக்கும் சோதனை

எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் நடத்துங்கள். விஷயம் எளிது: குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையை ஒரு பெட்டியில் ஒளிக்கிறோம், எடுக்கிறது. அதே பெட்டியில் மறுபடியும், எடுக்கிறது. பிறகு கண்ணெதிரே இரண்டாவது பெட்டியில் ஒளிக்கிறோம். குழந்தை முதல் பெட்டிக்கே கையை நீட்டுகிறது. முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது.

குழந்தை அம்மாவின் மடியில், பலகை அதன் தொப்புள் உயரத்தில். அம்மா இடுப்பைப் பிடிக்கலாம். கையையோ தோளையோ பிடிக்கக் கூடாது. இன்னும் கை ஊன்றி உட்காரும் குழந்தையைத் தரையில் உட்காரவைத்து இதைச் செய்தால், ஊன்றாத கை எந்தப் பக்கமோ அந்தப் பெட்டியைத்தான் எடுக்கும். தாளில் அது அறிவாகப் பதிவாகும். அம்மாவைக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பொம்மை இருக்கும் பக்கம் அவர் உடம்பு லேசாகச் சாய்ந்தாலே குழந்தைக்குப் போதும்.

முதலில் பழக்கம். பெட்டியில் பொம்மையைப் பாதி தெரிய வைத்து எடுக்க விடுங்கள், பிறகு முழுதாக மூடி. துணியை இழுக்கவே தெரியாத குழந்தைக்குச் சோதனையைத் தொடராமல் 'கைத்திறன் போதவில்லை' என்று எழுதுங்கள். அது அறிவைப் பற்றிய விடை அல்ல.

அடுத்து, பலகையைக் குழந்தைக்கு எட்டாத தூரத்தில் வைத்து, பொம்மையை ஆட்டி அதன் கண்ணைப் பிடித்து, முதல் பெட்டிக்குள் இறக்கி, இரண்டு துணியையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் மூடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூடினால் கடைசியாக மூடிய பக்கமே குழந்தையின் பார்வையில் நிற்கும். மூன்று நொடி காத்திருங்கள். மனதுக்குள் எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். குழந்தையின் கண்ணும் பெட்டியிலிருந்து உங்கள் முகத்துக்கு வரும், அதுவும் தேவைதான். பலகையை நேராக, இரண்டு பெட்டியும் சம தூரத்தில் இருக்கும்படி முன்னால் தள்ளுங்கள். உங்கள் பார்வை குழந்தையின் நெற்றியில் நிற்கட்டும்.

முதலில் தொட்ட துணிதான் விடை. தொட்டபின் மனம் மாறி அடுத்ததைத் தூக்கினாலும் முதல் தொடுகையே. இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டால் அந்த முறை செல்லாது, மறுபடி செய்யுங்கள். முதல் பெட்டியில் தொடர்ந்து இரண்டு தடவை சரியாக எடுத்ததும் இடம் மாற்றுங்கள். பாதிக் குழந்தைகளுக்கு முதல் பெட்டி வலம், பாதிப் பேருக்கு இடம். இந்தப் பட்டியலை அலுவலகத்திலேயே தயாரித்துக்கொண்டு போங்கள்.

மூன்று நொடியிலும் சரியாக எடுத்துவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். அடெல் டயமண்ட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், தவறு வருவதற்குத் தேவையான காத்திருப்பு ஏழரை மாதத்தில் 2 நொடிக்கும் குறைவு. மாதத்துக்கு ஏறத்தாழ 2 நொடி கூடி, ஒரு வயதில் 10 நொடியைத் தாண்டியது. ஆகவே எல்லாரையும் மூன்று நொடியில் நிறுத்திவிட்டு "பதினோரு மாதத்தில் எல்லாரும் தேறிவிட்டார்கள்" என்று எழுதினால், உங்கள் அளவுகோல்தான் குட்டையானது.

இந்தச் சோதனையில் அசைவையும் அறிவையும் பிரிக்க முடியாது என்பதைக் காட்டியவர்கள் உளவியலாளர்கள் லிண்டா ஸ்மித்தும் எஸ்தர் தெலனும். முதல் பெட்டி முடிந்து இரண்டாவதற்குப் போகும் நேரத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையை நிற்கவைத்தார்கள்; தவறு பெரிதும் மறைந்தது. பொம்மையே இல்லாமல் மூடியை மட்டும் ஆட்டிக் காட்டிய போதும் அதே தவறு வந்தது. பழகிய கை பழகிய வழியில் போகிறது, நினைவு அதைத் தடுக்கப் போதவில்லை என்பது அவர்கள் விளக்கம். களத்தில் இதன் பொருள் இதுதான்: நடுவில் குழந்தை நழுவுகிறது என்று அம்மா தூக்கிச் சரியாக உட்காரவைத்தால் அந்தச் சுற்று கெட்டது. முதல் பெட்டியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சிரித்துப் பேசி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒளித்தால் தவறு அதிகமாகும் என்றும் வேறு ஆய்வர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எத்தனை சொல், எந்தச் சொல் என்பதையும் எழுதிவைத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் அதையே சொல்லுங்கள்.

கேமராவும் இரண்டாவது கண்ணும்

போனை முக்காலியில், குழந்தையின் இடுப்பு உயரத்தில், பாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் படுக்கை வாக்கில் வையுங்கள். ஜன்னல் கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் குழந்தை கருநிழலாகத்தான் தெரியும். விழுந்தால் பிடிக்க நிற்பவர் கேமராவுக்கு மறுபக்கம். ஒளித்துவைக்கும் சோதனைக்குக் கேமரா உங்கள் தோளுக்கு மேலிருந்து, இரண்டு பெட்டியும் குழந்தையின் இரண்டு கையும் தெரியும்படி. தொடக்கத்தில் எண் அட்டையை மூன்று நொடி காட்டுங்கள். வீடியோவைப் பார்த்துக் குறியிட டேட்டாவியூ, எலான் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

நான்கில் ஒரு பங்கு வீடியோவையாவது, முதல் ஆளின் விடை தெரியாத இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். ஒத்துப்போகும் சதவீதத்தை மட்டும் போட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். 100 வீடியோத் துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 'ஆம்' 60, இருவரும் 'இல்லை' 20, முதலாமவர் மட்டும் 'ஆம்' 12, இரண்டாமவர் மட்டும் 'ஆம்' 8. ஒத்துப்போவது 80 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாமவர் 72-க்கும் இரண்டாமவர் 68-க்கும் 'ஆம்' போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலும் 0.72 × 0.68 + 0.28 × 0.32 = 0.58 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்த கோஹன் கப்பா: (0.80 − 0.58) ÷ (1 − 0.58) = 0.52. இது போதாது. வரையறையை மறுபடி உட்கார்ந்து படித்து, மாறுபட்ட 20 துண்டுகளையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். அநேகமாக இரண்டே காரணம்தான் இருக்கும்: நொடி எண்ணத் தொடங்கும் இடம், பெஞ்சில் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்பது.

களப்பணியாளர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே பத்து வீடியோக்களில் சோதியுங்கள். பழகப் பழகக் கண் தாராளமாகிவிடும். எட்டு நொடியே பத்தாகத் தெரியும்.

எந்தத் தேதியை எழுதுவது

மே 10 அன்று நடக்கவில்லை, ஜூன் 9 அன்று நடந்தது என்றால், நடக்கத் தொடங்கிய தேதி ஜூன் 9 அல்ல. இரண்டுக்கும் இடையில் எப்போதோ. கடைசி 'முடியவில்லை' தேதி, முதல் 'செய்தது' தேதி இரண்டையும் வையுங்கள்; பகுப்பாய்வாளர் இடைவெளியாகவே எடுத்துக்கொள்வார். நடுவில் ஒரு மாதம் வீடு பூட்டியிருந்தால் இடைவெளி இரண்டு மாதமாகும். அதை மறைக்கக் கூடாது.

அம்மாவிடம் ஒரு நாட்காட்டி கொடுத்து, முதல் தடவை ஐந்து அடி வைத்த நாளை வட்டமிடச் சொல்லலாம். 'ஐந்து அடி' என்பதை உங்கள் வீடியோவிலேயே காட்டிக்கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே வட்டம் விழுந்துவிடும். மேலும், புதுத் திறன் ஒரே நாளில் வந்து நிலைப்பதில்லை. இன்று செய்யும், மூன்று நாள் செய்யாது, மறுபடி செய்யும். மாதம் ஒரு தடவை பார்க்கும் தாளில் மட்டுமே அது படிக்கட்டு மாதிரி தெரிகிறது. போன மாதம் 'செய்தது', இந்த மாதம் 'முடியவில்லை' என்று வந்தால் மேற்பார்வையாளர் அதைத் தவறு என்று திருத்தவே கூடாது. குறிப்பு எழுதி அப்படியே விட வேண்டும்.

எப்போது அனுப்புவது

நீங்கள் நோய் கண்டுபிடிக்கப் போகவில்லை. "லேட்டா இருக்கு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவது பெருந்தவறு. அதே சமயம் பார்த்துவிட்டுச் சும்மா வருவதும் சரியல்ல. திருத்திய வயதில் 9.2 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 17.6 மாதம் தாண்டியும் நடக்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறது, உடம்பு விறைப்பாகவோ துணி மாதிரி தொய்வாகவோ இருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழுவின் மருத்துவரிடம் அன்றே சொல்லி, அவர் வழியாக மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். நிலைத்திருந்த திறன் முற்றிலும் போய்விட்டால், சில மாதமாக நடந்த குழந்தை இப்போது நடப்பதையே விட்டுவிட்டால், அடுத்த மாத வருகைக்குக் காத்திருக்கக் கூடாது.

அம்மாவிடம் சொல்லும்போது வயது, வரம்பு, சதவீதம் எதுவும் வேண்டாம். "டாக்டர் ஒரு தடவை பாத்துட்டா நல்லதும்மா, தேதி நாங்களே வாங்கித் தர்றோம், கூட வர்றோம்" என்பது போதும். கூட வருவதாகச் சொன்னால் போகவும் வேண்டும். அனுப்பிய தேதி, போய்ச் சேர்ந்த தேதி இரண்டுக்கும் படிவத்தில் கட்டம் வையுங்கள்.